பஞ்சாங்கத்தில் பதிந்த கட்டைவிரல்: தடயம் சொல்வதும் சட்டம் கேட்பதும்

1898-இல் வங்காளத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் தன் கட்டிலிலேயே கழுத்தறுபட்டுக் கிடந்தார். இரும்புப் பெட்டியும் கடிதப் பெட்டியும் உடைக்கப்பட்டிருந்தன, பணம் போயிருந்தது. சந்தேகப்பட ஆட்களுக்குக் குறைவில்லை. தோட்டக் கூலிகள் இருந்தார்கள். சமையற்காரரின் துணியில் இரத்தத் துளிகள் இருந்தன, புறா அறுத்தபோது பட்டது என்றார் அவர். மேலாளரிடம் முன்பு வேலை பார்த்துத் திருடிச் சிறைக்குப் போன ஒருவனும் இருந்தான். கடிதப் பெட்டிக்குள் கிடந்த வங்காளிப் பஞ்சாங்கத்தின் வெளிர்நீல அட்டையில் பழுப்பு நிறக் கறைகள் இரண்டு தெரிந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, ஒன்று வலது கட்டைவிரலின் ஒரு பகுதி.

கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அங்கே இருந்த சீட்டுகளில் பழைய வேலைக்காரன் காங்காலி சரணின் கட்டைவிரல் பஞ்சாங்கத்துக் கட்டைவிரலோடு ஒத்துப்போனது. சிறையிலிருந்து வெளிவந்து சில வாரங்களே ஆகியிருந்த அவனை, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி பீர்பூமில் பிடித்தார்கள். மறுபடி ரேகை எடுத்துப் பார்த்தார்கள், அதே ரேகை. கறை பாலூட்டியின் இரத்தம் என்று இரசாயனப் பரிசோதகர் எழுதிக்கொடுத்தார்.

தீர்ப்பு என்ன தெரியுமா? திருட்டுக் குற்றம் மட்டும் நிரூபணம். கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. வெட்டியதைப் பார்த்தவர் யாருமில்லை, அந்தக் குற்றத்துக்குத் தண்டிப்பது பாதுகாப்பானதல்ல என்று நீதிமன்றம் நினைத்தது.

விரல்ரேகையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த வழக்கை வெற்றிக் கதையாகச் சொல்லிவிட்டுக் கடைசி வரியைச் சட்டென்று தாண்டிப் போவார்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம். தடய அறிவியலும் குற்றவியல் சட்டமும் எங்கே கைகோக்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்பது அதில் முழுசாக இருக்கிறது. இந்த ரேகை யாருடையது என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடம் பதில் சொல்லும். அது எப்போது, எப்படி அங்கே வந்தது என்பதைப் புலனாய்வு அதிகாரிதான் காட்ட வேண்டும். நடந்ததற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்பது நீதிபதியின் வேலை. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும்போதுதான் நிரபராதி உள்ளே போகிறான், குற்றவாளி வெளியே வருகிறான்.

அந்த இரத்தக் கறையையே எடுத்துக்கொள்வோம். பறவையின் சிவப்பணு நீள்வட்டமாக, நடுவில் உட்கருவோடு இருக்கும். பாலூட்டியின் சிவப்பணு வட்டம், உட்கரு கிடையாது. (ஒட்டகக் குடும்பம் மட்டும் விதிவிலக்கு, அதற்கு நீள்வட்டம்.) ஆகவே புறா இரத்தமா இல்லையா என்று நுண்ணோக்கியைக் கொண்டு சொல்லிவிடலாம். ஆனால் மனித இரத்தமா ஆட்டு இரத்தமா என்று 1898-இல் உலகில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதைப் பிரித்துக் காட்டும் வீழ்படிவுச் சோதனையை ஜெர்மனியின் பவுல் ஊலன்ஹூத் 1901-இல்தான் கொண்டுவந்தார். கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைக் கண்டதும் அதே காலத்தில்தான். அறிவியல் அதுவரை எவ்வளவு தூரம் வந்திருந்ததோ அவ்வளவு தூரமே நீதிமன்றமும் நடந்தது. அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

விரல்ரேகை வழக்குமன்றத்துக்கு வந்த பாதை கொலையில் தொடங்கவில்லை, ஒப்பந்தச் சீட்டில் தொடங்கியது. 1858 ஜூலை 28 அன்று, வங்காளத்தின் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷெல், சாலைக்குக் கல் கொடுக்க ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் எழுதினார். கையெழுத்து என்னுடையதில்லை என்று பின்னால் மறுப்பது அப்போது சாதாரணம். அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய் மையைக் கோனாயின் உள்ளங்கையில் தடவி, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அழுத்தச் சொன்னார். அவர் எண்ணமெல்லாம் ஆளை மிரட்டிவைப்பதுதான். ரேகை ஆளுக்கு ஆள் மாறும், வயதானாலும் மாறாது என்பது பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கே பிடிபட்டது. 1877-இல் ஹூக்ளியில் ஓய்வூதியம் வாங்குவோர், பத்திரம் பதிவோர், சிறைவாசிகள் என மூன்று இடத்திலும் விரல் பதிப்பதைக் கொண்டுவந்தார். நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்றும் தொடர்வது அந்தப் பழக்கம்தான். 1880-இல், டோக்கியோவில் மருத்துவராக இருந்த ஹென்றி ஃபால்ட்ஸ், குற்ற இடத்தில் கிடைக்கும் ரேகையால் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார்.

ஆனால் போலீசுக்கு உண்மையான தலைவலி வேறு. ஒரு லட்சம் சீட்டு இருக்கிறது, புதிதாக ஒருவனைப் பிடித்திருக்கிறோம், பெயரை மாற்றிச் சொல்கிறான். இவன் சீட்டு அந்த லட்சத்தில் எங்கே? பாரிஸில் அல்போன்ஸ் பெர்டியோன் இதற்கு உடம்பை அளந்தார். தலையின் நீளம், நடுவிரல், இடது பாதம், முழங்கை முதல் விரல்நுனி வரை என்று 11 அளவுகள். வங்காளப் போலீசும் 1892-இல் அதை எடுத்துக்கொண்டது. அளக்கிறவர் கை மாறினால் அளவும் சில மில்லிமீட்டர் மாறும், வளரும் பையனுக்கு அளவே நிற்காது. முறை அங்கேதான் தட்டுத் தடுமாறியது.

வங்காளப் போலீசின் தலைமை அதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரில் உலகம் அறிந்த வகைப்பாட்டு முறை, அவருக்குக் கீழ் வேலை பார்த்த அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு உதவி ஆய்வாளர்களின் உழைப்பில் உருவானது. கணக்கு ஹக்குடையது. ரேகைகளைத் தந்தியில் அனுப்பும் குறிமுறை போஸுடையது. இருவருக்கும் பின்னாளில் கான் பகதூர், ராய் பகதூர் பட்டங்கள் வந்தன. முறைக்கு மட்டும் அவர்கள் பெயர் கடைசிவரை வரவில்லை. இது திருத்தப்பட வேண்டிய அநியாயம் என்றே எழுதுகிறேன்.

அந்தக் கணக்கு அவ்வளவு அழகு. நம் வீடுகளில் விரலைப் பார்த்துச் சங்கு, சக்கரம் என்று சொல்வோமே, அதில் சக்கரம் எந்த விரலில் இருக்கிறது என்பது மட்டும்தான் இங்கே முக்கியம். விரல்களை வலது கட்டைவிரலிலிருந்து வலது சுண்டுவிரல் வரை 1 முதல் 5, இடது கட்டைவிரலிலிருந்து இடது சுண்டுவிரல் வரை 6 முதல் 10 என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்து மதிப்பு: 1, 2 என்றால் 16. 3, 4 என்றால் 8. 5, 6 என்றால் 4. 7, 8 என்றால் 2. 9, 10 என்றால் 1. சக்கரம் இல்லாத விரலுக்கு மதிப்பு சுழியம். இரட்டைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு 1 சேர்த்தால் மேலெண். ஒற்றைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு 1 சேர்த்தால் கீழெண். ஒருவருக்கு வலது கட்டைவிரல், வலது மோதிரவிரல், இடது நடுவிரல் மூன்றிலும் சக்கரம் என்றால் மேலே 8 + 2 + 1 = 11, கீழே 16 + 1 = 17. அவர் சீட்டு 11/17 அறையில் இருக்கும். சக்கரமே இல்லாதவர் 1/1, பத்திலும் சக்கரம் உள்ளவர் 32/32. ஆக 32 பெருக்கல் 32, மொத்தம் 1,024 அறைகள். லட்சம் சீட்டில் தேடுவது ஒரே அறைக்குள் தேடுவதாகச் சுருங்கியது. அறைக்குள்ளே மேலும் பிரிக்க, ரேகைகளை எண்ணும் உட்பிரிவுகள் இருந்தன. 1897 ஜூனில் அரசு இதை ஏற்க, கல்கத்தாவில் உலகின் முதல் விரல்ரேகைக் கூடம் வந்தது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு இது போய்ச் சேர்ந்தது 1901-இல்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. பத்து விரலும் கையில் இருந்தால்தான் அறை எண் கிடைக்கும். குற்ற இடத்தில் கிடைப்பதோ ஒரு விரலின் அரை நுனி. அதனால்தான் ஜல்பைகுரியில் சந்தேகப்பட்டவர்கள் பட்டியல் முதலில் தேவைப்பட்டது. பெயர் தெரிந்தபின் ஒப்பிட்டார்கள், ரேகையிலிருந்து பெயருக்குப் போகவில்லை. கணினி வந்தபின்தான் ஒற்றை ரேகையைக் கொண்டு லட்சக்கணக்கில் தேடுவது நடைமுறைக்கு வந்தது.

சட்டமும் பின்னாலேயே ஓடிவந்தது. 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வெளிநாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து ஆகியவற்றில் வல்லுநர் கருத்தை ஏற்கலாம் என்றிருந்தது. 1899-இல் அதில் விரல்ரேகையையும் சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் நிற்பது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 39-ஆம் பிரிவு. இங்கே ஒரு சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும்: வல்லுநர் தருவது கருத்து. தீர்ப்பு அவருடையதல்ல. கருத்தின் காரணங்களை அவர் சொல்ல வேண்டும், எதிர்த்தரப்பு அவற்றைக் குறுக்கு விசாரணையில் உரசிப் பார்க்கும்.

உரசிப் பார்க்கத்தான் வேண்டும். ரேகை முடியும் இடம், கிளை பிரியும் இடம் போன்ற நுண்புள்ளிகளை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். எட்டுப் புள்ளிகள் ஒத்தால் போதும் என்பது இந்தியக் கூடங்களில் ஊறிய வழக்கம். இங்கிலாந்தில் 2001 வரை 16 கேட்டார்கள். எண் எங்கும் அறிவியல் விதியாக நிரூபிக்கப்பட்டதில்லை, தொழில் மரபுதான். 2004-இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகையை, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஓரிகான் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று அறிவித்து அவரைக் காவலில் வைத்தது. ஸ்பெயின் போலீசார் அதே ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று காட்டியபின் விடுவித்தது. தரம் குறைந்த ரேகை, பெரிய தரவுத்தளம், முதல் நிபுணரின் முடிவை அறிந்துகொண்டே சரிபார்த்த இரண்டாவது நிபுணர். இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் எந்த ஊரிலும் இது நடக்கும்.

ரேகை எடுப்பதிலும் பாதி தவறு அவசரத்தால் வருகிறது. முதலில் புகைப்படம். அளவுகோலை அருகில் வைத்து, பரப்புக்கு நேர் செங்குத்தாகக் கேமராவைப் பிடித்து எடுக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் ரேகைகளுக்கு இடையிலான தூரம் குறுகித் தெரியும். அதன்பின்தான் தூரிகை. கண்ணாடி, பீங்கான், வார்னிஷ் பூசிய மரம் போன்ற உறிஞ்சாத பரப்புகளுக்குப் பொடி. கறுப்புப் பரப்புக்கு வெளிர் பொடி, வெள்ளைப் பரப்புக்குக் கரும்பொடி. கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டு, ரேகை ஓடும் திசையிலேயே தடவ வேண்டும். அள்ளிப் போட்டால் வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளமும் நிரம்பி வெறும் கறுப்புத் திட்டாகிவிடும், திரும்பப் பெற வழியில்லை. காகிதத்தில் பொடி போடுவதைவிட நின்ஹைட்ரின் என்ற இரசாயனம் நல்லது. வியர்வையின் அமினோ அமிலங்கள் காகித நாரில் தங்கிவிடும், நின்ஹைட்ரின் பட்டதும் ஊதா நிறத்தில் எழும்பும். வியர்வையில் ஏறக்குறைய முழுதும் நீர்தான். அது உலர்ந்தாலும் அமினோ அமிலம் இருக்கும், ஆண்டுகள் கழிந்த கடிதத்திலும் ரேகை கிடைப்பது இதனால்தான். பாலித்தீன் பைக்குச் சூப்பர் பசையின் ஆவி. மூடிய பெட்டியில் பசையைச் சூடாக்கினால், ஆவி ரேகையின் மேல் வெள்ளையாகப் படிந்து இறுகும்.

ஆனால் இவ்வளவும் செய்தபின் கிடைப்பது ‘இந்த விரல் இந்த இடத்தைத் தொட்டது’ என்ற ஒரே வாக்கியம். எப்போது தொட்டது என்று ரேகை சொல்லாது. வீட்டில் வேலை பார்த்தவரின் ரேகை அந்த வீட்டுக் கதவில் இருப்பதில் என்ன ஆச்சரியம்? இரத்தத்தில் பதிந்த ரேகை, உடைந்த ஜன்னலின் உட்பக்கம் பதிந்த ரேகை, அன்று காலை வாங்கிய பாட்டிலில் பதிந்த ரேகை, இவற்றுக்கே மதிப்பு அதிகம். அவை காலத்தையும் சேர்த்துச் சொல்கின்றன.

விரல்ரேகையைக் கட்டாயப்படுத்தி எடுக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். தனக்கு எதிராகத் தானே சாட்சியாக இருக்குமாறு குற்றம்சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). 1961-இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, ரேகையும் கையெழுத்து மாதிரியும் இதில் அடங்காது என்றது. அவை உடலின் அடையாளங்கள், ஒருவர் தன் மனத்தில் அறிந்ததை வெளியே சொல்வது அல்ல. 2010-இல் செல்வி வழக்கில் அதே கோட்டின் மறுபக்கம் வந்தது. உண்மை கண்டறியும் ஊசி, பொய் அறியும் கருவி, மூளை வரைபடச் சோதனை ஆகியவற்றைச் சம்மதமின்றிச் செய்யக் கூடாது. உடலிலிருந்து எடுக்கலாம், மனத்திலிருந்து பிடுங்கக் கூடாது. இந்தக் கோடு எனக்கு நியாயமாகவே படுகிறது.

தலையில்லாத உடல், பெயரில்லாத குற்றம்

சென்னைக்கு வருவோம். 1952 ஆகஸ்ட் 29. இந்தோ–சிலோன் போட் மெயில் மானாமதுரை வந்தபோது, மூன்றாம் வகுப்புப் பெட்டியில் இருக்கைக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியிலிருந்து நாற்றம் அடித்தது. திறந்தால் தலையில்லாத உடல். தலை சில நாள் கழித்து ராயபுரம் கடற்கரையில் மணலில் புதைந்து கிடைத்தது. சென்னையில் பேனா வியாபாரி ஆளவந்தாரைக் காணோம் என்ற புகாரும் இருந்தது. உடலும் தலையும் ஒருவருடையவையா, அந்த ஒருவர் ஆளவந்தார்தானா என்பதை நிரூபிக்காமல் வழக்கே இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவப் பேராசிரியர் சி.பி. கோபாலகிருஷ்ணன் அந்த வேலையை ஏற்றார். காதில் குத்திய துளைகள், பல்வரிசையின் அமைப்பு, இவற்றோடு உறுதியான சான்று ஒன்றும் கிடைத்தது: இரண்டாம் உலகப் போரில் ஆளவந்தார் இராணுவத்தில் இருந்தவர், அவருடைய விரல்ரேகை இராணுவப் பதிவேட்டில் இருந்தது. உடலின் விரல்களோடு அது ஒத்துப்போனது. ஹெர்ஷெல் ஓய்வூதியத்துக்கு எடுத்தது போலவே, குற்றத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் எடுத்துவைத்த ரேகை.

கொன்றவர் யார், உடலை வெட்டியது யார் என்பதெல்லாம் சாட்சியங்களில் வெளிவந்தது. ஆனால் 1953-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர், குற்றம்சாட்டப்பட்ட தம்பதிக்கு வழங்கிய தண்டனை, கணவருக்கு 7 ஆண்டு, மனைவிக்கு 3 ஆண்டு. தலையை அறுத்து ரயிலில் உடலை அனுப்பியவருக்கு 7 ஆண்டுதானா என்று அன்றைய ஊர் அதிர்ந்திருக்கும். கொலை என்று தீர்மானமானால் சட்டம் தூக்கு அல்லது ஆயுள் என்ற இரண்டை மட்டுமே தருகிறது. 7 என்ற எண்ணே அது சட்டப்படி ‘கொலை’ ஆகவில்லை என்று சொல்லிவிடுகிறது.

இங்கேதான் குற்றவியல் சட்டத்தின் அரிச்சுவடி. நாம் பேச்சில் உயிர் போனால் எல்லாவற்றையும் கொலை என்போம். சட்டத்தில் மரணம் விளைவித்தல் வேறு, கொலை வேறு. பழைய தண்டனைச் சட்டத்தின் 299, 300 பிரிவுகள், இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 100, 101. செயல் ஒன்று, அந்தச் செயலின்போது இருந்த மனம் ஒன்று. கொல்ல வேண்டும் என்றே செய்தானா, சாகும் என்று தெரிந்தும் செய்தானா, கடும் திடீர்ச் சினமூட்டலில் நிதானம் இழந்து செய்தானா, தற்காப்பின் எல்லையைத் தாண்டிவிட்டானா, முன்யோசனையின்றித் திடீர்ச் சண்டையில் நடந்ததா? ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர், வேறு தண்டனை. இறந்தபின் உடலை வெட்டியது எவ்வளவு கொடூரமானாலும், அது தடயத்தை மறைக்கும் குற்றம். உயிர் போன கணத்தில் இருந்த மனத்தை அது தானாக நிரூபிக்காது. எந்த நுண்ணோக்கியிலும் மனம் தெரியாது. ஆனால் காயத்தின் ஆழம், எண்ணிக்கை, இடம், ஆயுதம் முன்பே வாங்கியதா கைக்குக் கிடைத்ததா, இவற்றிலிருந்து நீதிமன்றம் மனத்தை ஊகிக்கிறது. உடற்கூறாய்வு செய்யும் மருத்துவர் ஒரு காயத்தின் நீளம், அகலம், ஆழம் மூன்றில் ஒன்றை எழுதாமல் விட்டால், அந்த ஊகத்துக்கு இருந்த ஒரே ஊன்றுகோல் போய்விடும்.

குப்பியும் அரக்கும்

இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதகர் கூடம் 1849-இல் சென்னையில் தொடங்கியது. அன்று வந்த வேலையில் பெரும்பகுதி விஷம், அதிலும் ஆர்செனிக்கின் ஆக்ஸைடான வெள்ளைப் பாஷாணம். நிறமில்லை, வாடையில்லை, அறிகுறியோ காலராவைப் போல. 1832-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கில் ஜேம்ஸ் மார்ஷ் பாஷாணத்தை மஞ்சள் வீழ்படிவாகக் காட்டினார். ஜூரிகள் முன் கொண்டுவரும்போது அது கெட்டுப்போயிருந்தது, குற்றம்சாட்டப்பட்டவர் விடுதலையானார். மனம் வெந்துபோன மார்ஷ் 1836-இல் புதிய சோதனையோடு வந்தார். துத்தநாகமும் அமிலமும் சேர்ந்து ஹைட்ரஜன் கிளம்பும், மாதிரியில் ஆர்செனிக் இருந்தால் ஆர்சின் வாயுவாக மாறும், குழாயைச் சூடாக்கினால் கண்ணாடியில் கருவெள்ளிப் படலமாகப் படியும். அதை வருஷக்கணக்கில் வைத்துக் காட்டலாம். ஆனால் சந்தையில் கிடைக்கும் துத்தநாகத்திலேயே ஆர்செனிக் கலந்திருப்பதுண்டு. மாதிரி சேர்க்காமல் அதே துத்தநாகம், அதே அமிலத்தோடு வெறும் ஓட்டம் ஒன்று ஓட்டிப் பார்க்காதவர் விஷத்தைக் கண்டுபிடிக்கவில்லை, தன் துத்தநாகத்தைக் கண்டுபிடித்தார்.

இந்தப் பாடம் இன்றும் பிரேதப் பரிசோதனை அறையில் உயிரோடு இருக்கிறது. விஷச் சாவு என்று சந்தேகம் வந்தால், இரைப்பையும் அதிலுள்ளதும் சிறுகுடலின் ஏறக்குறைய 30 செ.மீ. துண்டும் ஒரு குப்பியில். கல்லீரலின் ஒரு பகுதியும் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் பாதியும் இன்னொன்றில். இரத்தம் தனியே. வாய் அகன்ற கண்ணாடிக் குப்பியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, அழுகலில் எழும் வாயு மூடியைத் தள்ளிவிடும். பதம் கெடாமல் வைக்க நிறைவுற்ற உப்புக் கரைசல். ஃபார்மலின் ஊற்றினால் திசு இறுகி, விஷத்தைப் பிரித்தெடுப்பது சிரமமாகும். அது நுண்ணோக்கிப் பரிசோதனைக்கான திசுவுக்கு மட்டும். மது அருந்தினாரா என்று பார்க்க வேண்டிய மாதிரியில் சாராவி (ஸ்பிரிட்) ஊற்றினால் கேட்கவே வேண்டாம். இரத்தத்தில் ஆல்கஹால் அளவுக்கு 10 மி.லி.க்கு 100 மி.கி. சோடியம் ஃபுளோரைடு சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் நுண்ணுயிர்கள் இரத்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்துப் புதிதாக ஆல்கஹால் உண்டாக்கும், குடிக்காதவர் குடித்தவர் ஆவார். எந்த உப்புக் கரைசலைப் பயன்படுத்தினீர்களோ அதில் கொஞ்சத்தைத் தனிக் குப்பியில் அனுப்ப வேண்டும். மார்ஷின் வெறும் ஓட்டம் அதுதான், பலர் மறப்பதும் அதைத்தான்.

குப்பிகளுக்கு மேல் துணி சுற்றி, அரக்கு உருக்கி, முத்திரை குத்த வேண்டும். முத்திரையின் மாதிரியைத் தனித்தாளில் பதித்துக் கடிதத்தோடு அனுப்ப வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பார்சலைப் பிரிக்கும் முன் இரண்டையும் ஒப்பிட்டு, ‘முத்திரைகள் சிதையாமல் இருந்தன, மாதிரியோடு ஒத்திருந்தன’ என்று எழுதுவார்கள். அறிக்கையில் அந்த ஒரு வரி இல்லையென்றால், அடுத்த நான்கு பக்கத்து வேதியியலையும் ஒரு நல்ல வழக்கறிஞர் ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடுவார்.

விஷம் இருந்தது என்று அறிக்கை வந்தாலும் கொலை நிரூபணமாகிவிடாது. 1984-இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: நோக்கம் தெளிவாக இருக்க வேண்டும். கொடுத்ததாகச் சொல்லப்படும் அந்த விஷத்தாலேயே இறந்திருக்க வேண்டும். அது குற்றம்சாட்டப்பட்டவரிடம் இருந்திருக்க வேண்டும். கொடுக்க அவருக்கு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடம் உதவக்கூடியது இரண்டாவதில் மட்டும். சந்தர்ப்பச் சாட்சியத்துக்கான ஐந்து விதிகளும் இதே தீர்ப்பில்தான் வருகின்றன: ஒவ்வொரு கண்ணியும் முழுமையாக நிரூபணமாக வேண்டும், எல்லாம் சேர்ந்து அவர் குற்றவாளி என்பதைத் தவிர வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் வைக்கக் கூடாது. சந்தேகம் எவ்வளவு வலுவானாலும் அது சாட்சியம் ஆகாது.

கத்தி கைப்பற்றும் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலம் செல்லாது, ஆனால் அதனால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்த அளவுக்குச் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, இன்று சாக்ஷிய அதினியத்தின் 23. அந்த அளவு எவ்வளவு என்று, அன்று லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1946-இல் வரையறுத்தது, அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூர்ப் பக்கத்து வழக்கு ஒன்றில். ‘குத்திய கத்தியை என் வீட்டுக் கூரையில் செருகியிருக்கிறேன்’ என்றால், கூரையில் கத்தி இருப்பது அவனுக்குத் தெரியும் என்ற அளவே சாட்சியம். ‘குத்திய’ என்ற சொல் சேராது. கத்தியையும் உடலையும் இணைப்பது இரத்தச் சோதனையின் வேலை. கத்தியை ஈரத்தோடு பாலித்தீனில் சுற்றி இரண்டு மாதம் காவல் நிலைய அலமாரியில் வைத்தால், ‘மனித இரத்தம், வகை அறிய இயலவில்லை’ என்றே அறிக்கை வரும். ஈரத்தில் பாக்டீரியா பெருகி எல்லாவற்றையும் தின்றிருக்கும். நிழலில், அறை வெப்பத்தில் உலர்த்தி, காகித உறையில் வைக்க வேண்டும். செலவு இரண்டு ரூபாய்.

இம்மியளவு

மரபணுச் சோதனை வந்தபின் இந்த ஒழுங்கெல்லாம் தேவைப்படாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நிலைமை நேர் எதிர். 1984-இல் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்ட முறை, அது பயன்பட்ட முதல் கொலை வழக்கில் முதலில் செய்தது, தானே ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞன் நிரபராதி என்று காட்டியதுதான். உண்மைக் குற்றவாளி 1988-இல் தண்டிக்கப்பட்டான். இன்றைய சோதனைக்கு ஒரு நானோகிராம் மரபணு, அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு போதும். இவ்வளவு கூர்மையான சோதனை, கையுறையின்றித் தொட்டவரையும் குனிந்து பேசியவரையும் சேர்த்தே காட்டும். ஜெர்மனியிலும் பக்கத்து நாடுகளிலும் ஏறக்குறைய 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் மரபணு கிடைத்து, போலீசார் ஆண்டுக்கணக்கில் அவளைத் தேடினார்கள். 2009-இல் தெரிந்தது: அது மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியைப் பொட்டலம் கட்டிய தொழிலாளியின் மரபணு. குச்சிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டவைதான். கிருமி செத்தாலும் மரபணு அங்கேயே இருக்கும்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்தவரை விடுவித்தது. மரபணு மாதிரிகள் எடுத்த இடத்திலிருந்து ஆய்வுக்கூடம் வரை போன பாதையில் தாமதமும் விளக்கமற்ற இடைவெளிகளும் இருந்ததை அது சுட்டிக்காட்டியது. அதோடு நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. உறையில் முதல் தகவல் அறிக்கையின் எண்ணும் தேதியும், சட்டப் பிரிவு, புலனாய்வு அதிகாரி, காவல் நிலையம், வரிசை எண் எல்லாம் இருக்க வேண்டும். எடுத்ததற்கான ஆவணத்தில் மருத்துவர், புலனாய்வு அதிகாரி, சுயேச்சையான சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் சேர வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றிப் பொட்டலத்தைப் பிரிக்கவோ மறுபடி முத்திரையிடவோ கூடாது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவேடு முதலிலிருந்து கடைசிவரை இருந்து, வழக்குக் கட்டில் சேர வேண்டும்.

புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3), ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் குற்ற இடத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். நல்ல சட்டம். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மலையடிவார ஊரில் எடுத்த மாதிரிக்கு 48 மணி நேரம் ஞாயிறு சாயங்காலம் முடிகிறது. அதுவரை நிலையத்தில் 4 டிகிரி குளிர்ப்பெட்டி வேண்டும், அந்தப் பெட்டிக்குத் தடையற்ற மின்சாரம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பார்சலை வாங்கிக் கையெழுத்துப் போட ஆய்வுக்கூடத்தில் ஒரு ஆள் வேண்டும். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வரும் காவலருக்குப் பனிக்கட்டி போட்ட ஒரு பெட்டியும், வாங்கியவர் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் வேண்டும்.